பதினோரு நிமிட நடை

அக்காவின் நடை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியின் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. திரும்பி வர நான்கு வருடம் பிடித்தது. கால்கள் அவளிடமே இருந்தன. எலும்பு, நரம்பு, சதை எதிலும் ஒரு குறையும் இல்லை. நடை மட்டும்தான் போயிற்று. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். தம்பி அப்படிச் சொல்வதில்லை.

தம்பி, கம்ப்யூட்டரில் உருவங்களைச் செய்து அவற்றை அசைய வைக்கிற தொழில்காரன். அவன் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவனைப் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் திருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனான். பல வருடம் விளம்பரக் கம்பெனிகளுக்காகப் பற்பசைக் குழாய்களை ஆட வைத்தான், பிஸ்கட்டுகளைக் கைகோக்க வைத்தான், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகக் குடையைச் சிரிக்க வைத்தான். குடை சிரிக்கும்போது பல் தெரியலாமா கூடாதா என்று அந்த நிறுவனம் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டது. அப்படி ஒரு கூட்டத்தின் நடுவில் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், இனிமேல் பாதி நாள் வயிற்றுக்கு, பாதி நாள் சொந்தப் படத்துக்கு என்று முடிவு கட்டினான். சொந்தப் படம் என்றால் பரிசோதனைப் படம். முகம் கிடையாது, பேச்சு கிடையாது, இசை கிடையாது. வெறும் கோடுகளால் ஆன ஒரு பெண் உருவம், வெற்று வெளியில், பதினோரு நிமிடம் நடக்கும். காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். கீழ்வீட்டுத் தையல்காரர் ஆர்வமாக விசாரித்தார்.

"கதை என்னங்க?"

"ஒருத்தங்க நடக்கறாங்க."

"எங்க போறாங்க?"

"எங்கயும் போகல. நடக்கறாங்க."

"சரி, சரி," என்றார் தையல்காரர், காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில். "உடம்பைப் பாத்துக்குங்க."

நடை யாருடையது என்பதில் மட்டும் தம்பிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடை என்று நினைத்தால் அவனுக்கு அக்காவின் நடைதான் வரும். அம்மா நூல் மில்லில் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் பார்த்தவள். அப்பா என்று ஒருவர் புகைப்படத்தில் இருந்தார். பத்து வயது மூத்தவளான அக்காதான் அவனைக் குளிப்பாட்டித் தலை சீவி வளர்த்தாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், அவனுடைய பரீட்சைகளுக்கெல்லாம் அவள் பயந்தாள். பிறகு நர்ஸ் வேலைக்குப் படித்து ஒரு பெரிய மருத்துவமனையின் நீண்ட வராந்தாவில் நாள் முழுக்க நடந்தாள். அவள் வருவது படுக்கையில் கிடப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். வலது கால் நேராக விழும். இடது கால் ஒரு கணம் யோசித்து, தரையை லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு விழும். நொண்டல் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு காலுக்கு அவசரம், இன்னொரு காலுக்கு நிதானம், அவ்வளவுதான்.

தம்பி எங்கிருந்தோ பழைய விலைக்கு ஒரு கறுப்பு உடையை வாங்கி வந்திருந்தான். ஒவ்வொரு மூட்டு இருக்குமிடத்திலும் ஒரு சின்ன உணர்கருவி தைத்த உடை அது. போட்டுக்கொண்டு நடந்தால் அசைவெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்த அக்கா அதை மாட்டிக்கொண்டு, தவளை மாதிரி இருக்கிறேனா என்று கேட்டுவிட்டு, சோபாவைத் தள்ளிவைத்த கூடத்தில் ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். இயல்பாக நட என்றான் தம்பி. இதைப் போட்டுக்கொண்டு எப்படிடா இயல்பாக நடப்பது என்றாள் அக்கா. ஆனாலும் நடந்தாள். போதும் என்று அவன் பதிவை நிறுத்திச் சேமித்தான். அக்கா உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைக்கத் திரும்பினாள். திரும்பியவள் அங்கேயே நின்றாள்.

"டேய்," என்றாள். "கால் இருக்குடா. நடையைக் காணோம்."

அவளுடைய மருத்துவமனையிலேயே எலும்பு டாக்டர் படம் பிடித்துப் பார்த்தார். இரண்டு முழங்காலிலும் சுத்தியலால் தட்டினார். கால் முதல்தரமாக இருக்கிறது, நடைதான் இல்லை என்று சொல்லி ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். அக்கா லீவில் உட்காருகிற ஆள் இல்லை. மூன்றாம் நாளே ஒரு வழி கண்டுபிடித்தாள். யாருக்காவது பின்னால் நின்று அவர் நாலு எட்டு வைப்பதை உற்றுப் பார்த்தால் அந்த நடை அவள் காலில் ஒட்டிக்கொண்டது, சாயங்காலம் வரை தாங்கியது. கொடுத்தவருக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. ஒரு நாள் தலைமை நர்ஸின் நடையில் வேலை பார்த்தாள். அன்று வார்டே வாயை மூடிக்கொண்டு இருந்தது. ஒரு நாள் காவலாளியின் நடை. ஒரு நாள் அவசரத்தில் கிடைத்தது ஆறு வயதுப் பிள்ளையின் நடையாகப் போய்விட, மருந்துத் தட்டுடன் வராந்தாவில் குதித்துக் குதித்துப் போனாள். நோயாளிகளுக்கு அந்த நாள் ரொம்பப் பிடித்திருந்தது.

பிடிக்காமல் போனது அத்தானுக்குத்தான். அக்காவின் கணவருக்குப் பிறவியிலிருந்தே கண் பார்வை கிடையாது. அதே மருத்துவமனையின் வராந்தா முனையில், தொலைபேசி இணைப்புகளைக் கொடுக்கும் அறையில் அவருக்கு வேலை. அவர் அக்காவின் குரலைக் கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே அவள் நடையைக் கேட்டவர். அந்த நடை அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தப்பான எண்ணுக்கு இணைப்புக் கொடுத்து ஏச்சு வாங்கியவர். நடையைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டேன், முகம் எப்படி என்று இன்னும் யாரிடமும் விசாரிக்கவில்லை என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வதும், அக்கா தலையிலடித்துக்கொள்வதும் வழக்கம். இப்போது அவர் வீட்டில் சாயங்காலமானால் யார் யாரோ உள்ளே வந்தார்கள். தலைமை நர்ஸ் நுழைகிறாள் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நின்றார். காவலாளியிடம் கேட்டைப் பூட்டியாயிற்றா என்று கேட்டார். "நான்தாங்க" என்று அக்கா வாசலிலிருந்தே குரல் கொடுக்கப் பழகினாள். குரலை அவர் நம்பினார், சிரிக்கவும் சிரித்தார். ஆனால் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் காது வாசலிலேயே இருந்தது. இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு நாள் தம்பி போயிருந்தபோது, அக்கா குளியலறையில் இருந்த நேரம் பார்த்து அத்தான் மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், தப்பா நினைக்காதே. தினம் யாராவது வந்துடறாங்க. அவதான் இன்னும் வரல."

தம்பியால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பி, கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, அக்காவின் நடை இருந்த ஃபைலைத் திறந்தான். படத்தை முடித்துவிட்டு, எடுத்த உடை வழியாகவே நடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அவன் கணக்குப் போட்டிருந்தான். அவளையும் அத்தானையும் வரவழைத்து, அவளை உடையை மாட்டச் செய்து, ஃபைலை ஓட விட்டான். நடை வந்தது. அக்கா கூடத்தில் ஒரு சுற்று வந்தாள். அத்தான் கேட்டுவிட்டு, "யாரு இவங்க? ரொம்ப அழகா நடக்கறாங்களே," என்றார்.

நடந்தது இதுதான். அசைவை இப்படிப் பதிவு செய்தால் அதில் நடுக்கமும் உதறலும் கொஞ்சம் கலந்து வரும். அரிசி என்றால் களைந்துதானே உலையில் போடுகிறோம், அதுபோல அந்தத் தொழிலில் இருக்கும் எவனும் பதிவு கைக்கு வந்ததும் யோசிக்காமல் செய்கிற முதல் வேலை, ஒரு பொத்தானை அழுத்தி அதை வழவழப்பாக்குவது. பிஸ்கட்டுகளுக்கும் குடைக்கும் செய்து செய்து கை பழகிப்போன தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா உடையைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டான். செய்து, அதே பெயரில், பழையதன் மேலேயே சேமித்தும் விட்டான். இடது காலின் அந்த ஒரு கண யோசனையை இயந்திரம் கோளாறு என்று எடுத்துக்கொண்டு துடைத்துப் போட்டிருந்தது. எங்கே தேடியும் மூலப் பதிவு கிடைக்கவில்லை. அந்த அழகான நடையும் சாயங்காலத்துக்குள் அக்காவின் காலிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. கால் அதைத் தன்னுடையது என்று ஏற்கவில்லை.

அதிலிருந்து படம் என்பது வேறாகிவிட்டது. துடைத்துப் போட்டதைத் தம்பி கையாலேயே திரும்பப் போட்டாக வேண்டும். விளம்பர வேலைகளை வயிற்றுக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டு, கோட்டு உருவத்தின் இடது காலை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினான். காலைத் தாமதமாக வைத்தால் செருப்புக் கடிக்கிறவள் மாதிரி நடந்தாள். பாதத்தைத் தேய்த்தால் குடித்தவள் மாதிரி. கணுக்காலைத் தளர்த்திப் பார்த்தான், முழங்காலை இறுக்கிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அக்கா வேலை முடிந்து வந்து அலுக்காமல் அந்தத் தவளை உடையை மாட்டிக்கொண்டாள். அத்தான் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கேட்டார். கிட்டத்தில் வந்துவிட்டாய் என்பார். அப்புறம் வருத்தத்தோடு, "இவங்க நொண்டறாங்க மச்சான். உங்க அக்கா ஒரு நாளும் நொண்டினதில்ல," என்பார். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் இப்படிப் போனது. தம்பியின் கம்ப்யூட்டர் சளைக்காமல் கணக்குப் போட்டதில் அறையின் சுவர் சூடாகி, அடுத்த வீட்டுப் பூனை அந்தப் பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கப் பழகியது. தையல்காரர் மட்டும் பார்க்கும்போதெல்லாம், இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்களா என்று அக்கறையாக விசாரிப்பார். அக்கா ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று தம்பிக்கு இருந்தது.

நான்காவது வருடத்தில் ஒரு மதியம், அக்கா அவன் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறவளா அவள். அன்றைக்கு அவள் காலில் இருந்தது தபால்காரரின் நடை, நீட்டி நீட்டி வைக்கிற எட்டு. பிழிந்த துணியை வாளியில் அமுக்கி, வாளியைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பினாள். இரண்டு எட்டு. தம்பி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். வலது கால் நேராக விழுந்தது. இடது கால் யோசித்து, தொட்டுப் பார்த்து விழுந்தது. பாரம் உறுத்தியதோ என்னவோ, அக்கா வாளியை வலது பக்கம் மாற்றினாள். தபால்காரர் திரும்பி வந்துவிட்டார்.

"அக்கா, நில்லு. ஏன் முதல்ல இடது பக்கம் வெச்சே?"

"பழக்கம்டா. உன்னை அந்தப் பக்கம்தானே தூக்குவேன். வலது பக்கம் வெச்சா ஊரைக் கூட்டுவே."

"எவ்வளவு நாள் தூக்கினே?"

"நீ எங்க நடந்தே? கீழ விட்டாத்தானே."

அவள் துணி காயப்போட மேலே போய்விட்டாள். தம்பி சமையலறை வாசலில் நின்றான். பத்து வயதில் ஆரம்பித்து, எலும்பு வளர்கிற வயதிலெல்லாம் ஒரு பக்க இடுப்பில் ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டே தண்ணீர் பிடித்து, கடைக்குப் போய், படிக்கட்டு ஏறி இறங்கியவளின் இடது கால், பாரத்தைத் தாங்க முடியுமா என்று தரையைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறது. இறக்கி விட்டு முப்பது வருடமாகியும் கேட்டுக்கொண்டிருந்தது. கோளாறு என்று அவன் துடைத்துப் போட்டது அவனையேதான். அழுகையும் வந்தது, அதற்கு மேல் ஒரு நன்றியும் வந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அடுப்பை ஒரு முறை துடைத்தான். பிறகு வேலையில் உட்கார்ந்தான்.

அவன் குழந்தையை வரையவில்லை. கோட்டு உருவத்தின் இடது இடுப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரத்தை மட்டும் பொருத்தினான். கம்ப்யூட்டருக்குப் பாரம் என்று சொன்னால் போதும், அது என்ன பாரம் என்று கேட்காது. எவ்வளவு கனம் என்று அக்காவைக் கேட்டதற்கு, கனமாகத்தான் இருப்பாய், கொஞ்சமும் சும்மா இருக்க மாட்டாய், பின்னால் வளைந்து நாயைப் பார்ப்பாய், என் முடியைப் பிடித்து இழுப்பாய், தூங்கிவிட்டால் இன்னும் கனப்பாய் என்றாள். அதையெல்லாம் போட்டான். பாரம் துள்ளியது, பின்னால் வளைந்தது, எதையோ எட்டிப் பிடிக்கப் பார்த்தது. எட்டாவது நிமிடத்தில் மெல்ல அடங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கனத்தது. அதன் பிறகு அந்தப் பெண் இன்னும் மெதுவாக, பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தாள். காலை அவன் தொடவே இல்லை. கால் தானாகவே யோசித்தது.

படம் முடிந்த நாள், அக்கா மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன் அவளுக்கு அந்த உடையை மாட்டிப் படத்தை முழுக்க ஓட விட்டான். அவள் கூடத்தில் ஒரு சுற்று வந்தாள். தம்பியின் தலையில் ஒரு கையை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வராந்தாவின் மறுமுனையில் அவள் திரும்பும்போதே தொலைபேசி அறையில் அத்தான் யாருக்கோ தப்பான இணைப்பைக் கொடுத்தார். எதிர்முனையில் கத்தியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார்.

"வேலை இருந்துச்சு," என்றாள் அக்கா.

நடை அதன் பிறகு நழுவவில்லை. ஆனால் பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருந்தது. வேறொரு ஊரில் ஒரு திரைப்பட விழாவில் படத்தை முதன்முதலாகப் போட்ட அன்று, அக்கா வராந்தாவின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பதினோரு நிமிடம் கழித்து நடை வந்து சேர்ந்தது, எழுந்து போனாள். அடுத்த மாதம் இன்னொரு ஊரில் போட்டார்கள். அதே பதினோரு நிமிடம். படம் எங்கே ஓடினாலும் நடை கிளம்பிப் போய் அங்கே நடந்துவிட்டு வருகிறது என்பது எல்லோருக்கும் விளங்கியது. தம்பி ஒரு கணமும் தயங்கவில்லை. படத்தை இனி எங்கேயும் காட்டப்போவதில்லை, அழித்துவிடுகிறேன் என்று அக்கா வீட்டுக்கே வந்து சொன்னான். நான்கு வருட உழைப்பாயிற்றே என்று அத்தான்தான் பதறினார். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பைத்தியமாடா நீ? பத்து வயசுலேந்து நடந்துக்கிட்டே இருக்கேன். உக்காருன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இப்ப ஊர் பேர் தெரியாத யாரோ சொல்றாங்க. அதைப் போய் வேண்டாங்கறியா?"

ஆகவே படம் ஓடுகிறது. இணையத்தில் போடச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். போட்டால் அக்காவால் எழுந்திருக்கவே முடியாது என்று தம்பி விளக்கம் சொன்னான். கலைஞனின் பேச்சு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு இடத்துக்கு என்று அனுப்புகிறான். மருத்துவமனையில் தலைமை நர்ஸ் வராந்தா நெடுகச் சுவரோரம் நாற்காலிகள் போடச் சொன்னாள், அக்காவுக்கென்று போட்டவற்றில் இப்போது வந்துபோகிற எல்லோரும் கால் ஆற்றிக்கொள்கிறார்கள். தம்பி பழையபடி குடைகளைச் சிரிக்க வைக்கிறான். நடை கிளம்பிவிட்டது என்று அக்காவிடமிருந்து போன் வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, படம் ஓடும் ஊர் எந்தத் திசை என்று தெரியாததால் ஜன்னலைப் பார்த்து, அங்கே பார்க்கிறவர்களுக்கு ரொம்ப நன்றிங்க என்று சொல்கிறான். கீழ்வீட்டுத் தையல்காரர் இதைக் கேட்டுப் பழகிவிட்டார். அவரும் சில நாள் சேர்ந்து சொல்கிறார்.

போன வாரம் ஒரு முற்பகலில் அப்படித்தான் நடை கிளம்பிப் போனது. அக்கா கைக்கெட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். காலடி நின்றதைக் கேட்ட அத்தான் இணைப்புகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, தடவிப் பார்த்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். எங்கே போயிருக்கிறது என்று கேட்டார். தெரியவில்லை, பாதம் சில்லென்று இருக்கிறது, குளிர் ஊராக இருக்கும் என்றாள். நிறைய பேர் பார்க்கிறார்களா என்றார். அமைதியாக இருக்கிறார்கள் என்றாள். அவர் மருத்துவமனைச் செய்திகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார், அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். நடுவில் அவள் இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, கையை இடுப்புக்கு அணைவாக வைத்துக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்க," என்றாள். "இப்பதான் தூங்கறான்."

அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நடை வந்து சேரும்வரை இருவரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள்.